நுண்கட்டுப்படுத்திப் பலகையின் முனைகளை எல்இடி விளக்குகளுக்கு அமைத்தல்

எல்இடி விளக்குகளுக்கான முனை அமைப்பு என்பது, ஆர்டுயினோ ஊனோ போன்ற ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகையின் எந்த முனை விளக்கை இயக்க வேண்டும், அம்முனை உள்ளீடாக இருக்க வேண்டுமா வெளியீடாக இருக்க வேண்டுமா, அதன் வழியே எவ்வளவு மின்னோட்டம் செல்லலாம் என்பவற்றை முடிவு செய்து, அம்முடிவை நிரலிலும் மின்சுற்றிலும் நிறைவேற்றுவதாகும். எல்இடி என்பது ஒளி உமிழ் டையோடைக் குறிக்கும் பரவலான பெயர். நுண்கட்டுப்படுத்தி என்பது செயலி, நினைவகம், உள்ளீடு-வெளியீட்டு வாயில்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி ஆகும்.

ஒரு விளக்கை எரியவைத்து அணைப்பது இத்துறையில் நுழைவோர் செய்யும் முதல் பயிற்சி. பலகைகள் பழுதாவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முனையை மின்சாரம் எடுக்கும் இடமாகக் கருதுவதே அதற்குக் காரணம். முனை மின்வழங்கி அன்று. சில்லின் கட்டளை வெளிவரும் இடம். வயலுக்கு நீர் பாய்ச்சுபவர் மடையைத் திறக்கிறார். நீரைச் சுமப்பதோ வாய்க்கால். முனைக்கும் விளக்குக்கும் உள்ள உறவும் இதுவே. சிறிய எல்இடி ஒன்றை முனையே நேரடியாக ஏற்றிவிடும். அதைவிடப் பெரிய விளக்குக்கு முனை மடையை மட்டும் திறக்க வேண்டும்.

பலகையும் முனைகளும்

ஆர்டுயினோ திட்டம் 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு மாணவர்கள் எளிதில் மின்னணுவியல் பழக வேண்டும் என்ற நோக்கில் தொடங்கியது. அதன் ஊனோ பலகை 2010இல் வெளிவந்தது. இத்தாலிய மொழியில் ஊனோ என்றால் ஒன்று என்று பொருள். ஊனோவின் மூன்றாம் பதிப்பான ஆர்3 பலகையே இக்கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டு.

இப்பலகையில் உள்ள சில்லின் பெயர் ஏடிமெகா328பி. இது 5 வோல்ட் மின்னழுத்தத்திலும் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகார வேகத்திலும் இயங்குகிறது. பலகையின் ஓரங்களில் 0 முதல் 13 வரை எண்ணிடப்பட்ட 14 இலக்கமுறை முனைகளும், ஏ0 முதல் ஏ5 வரை 6 ஒப்புமை உள்ளீட்டு முனைகளும் உள்ளன. ஒப்புமை முனைகளையும் தேவைப்பட்டால் இலக்கமுறை முனைகளாகப் பயன்படுத்தலாம். 13ஆம் முனையுடன் ஒரு சிறிய எல்இடி பலகையிலேயே இணைக்கப்பட்டுள்ளது. எனவே வெளியே எதையும் இணைக்காமலே முதல் நிரலைச் சோதிக்க முடியும்.

முனையின் திசை

பலகைக்கு மின்சாரம் கொடுத்தவுடன் ஏறக்குறைய எல்லா முனைகளும் உள்ளீடாகவே விழிக்கின்றன. உள்ளீடாக உள்ள முனை மின்னழுத்தத்தைக் கவனிக்கும். மின்னோட்டத்தை வெளியே தராது. விளக்கை இயக்க வேண்டுமானால் அதை வெளியீடாக மாற்ற வேண்டும். இதற்கான கட்டளை ‘பின்மோட்’. இக்கட்டளை முனையை மூன்று நிலைகளில் ஒன்றில் வைக்கிறது.

1. இன்புட்: முனை வெறும் உள்ளீடு. வெளியே எதுவும் இணைக்கப்படாவிட்டால் அதன் நிலை மேலும் கீழுமாக மிதந்துகொண்டிருக்கும்.

2. இன்புட்_புல்அப்: முனை உள்ளீடுதான், ஆனால் சில்லுக்குள் உள்ள 20 முதல் 50 கிலோஓம் மின்தடை அதை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைத்திருக்கும். பொத்தான்களை இணைக்க ஏற்ற நிலை இது. பொத்தானின் மறுமுனை தரையிணைப்புக்குச் செல்வதால், பொத்தானை அழுத்தும்போது முனை ‘லோ’ என்று படிக்கும்.

3. அவுட்புட்: முனை வெளியீடு. ‘டிஜிட்டல்ரைட்’ கட்டளையில் ‘ஹை’ என்றால் ஏறத்தாழ 5 வோல்ட், ‘லோ’ என்றால் ஏறத்தாழ 0 வோல்ட் தரும்.

‘பின்மோட்’ கட்டளையை எழுத மறந்துவிட்டு ‘ஹை’ கட்டளையை மட்டும் கொடுத்தால், ஏடிமெகா328பி சில்லில் எல்இடி முற்றிலும் அணைந்திருக்காது. இருட்டில் மட்டும் தெரியும் அளவுக்கு மங்கலாக எரியும். உள்ளீடாக உள்ள முனைக்கு ‘ஹை’ கொடுத்தால் மேலே சொன்ன உள்மின்தடை இயங்கத் தொடங்குவதே காரணம். அவ்வளவு பெரிய மின்தடை வழியே 0.1 மில்லிஆம்பியர் அளவு மின்னோட்டம் மட்டுமே பாயும். மங்கலான எல்இடியைக் கண்டதும் எல்இடியை மாற்றுவதற்கு முன் நிரலின் ‘பின்மோட்’ வரியைப் பார்ப்பது நல்லது.

சில்லுக்குள் இந்த வேலையைச் செய்பவை பதிவகங்கள். ஒவ்வொரு முனையும் ஒரு வாயிலின் ஒரு பிட் ஆகும். 0 முதல் 7 வரை டி வாயில், 8 முதல் 13 வரை பி வாயில், ஒப்புமை முனைகள் சி வாயில். 13ஆம் முனை பி வாயிலின் 5ஆம் பிட். திசைப் பதிவகத்தில் அந்தப் பிட்டை 1 ஆக்கினால் வெளியீடு, 0 ஆக்கினால் உள்ளீடு. ‘பின்மோட்’ கட்டளை இந்தப் பிட்டைத்தான் மாற்றுகிறது.

மின்னோட்டத்தின் எல்லை

ஏடிமெகா328பி சில்லின் ஒரு முனை தாங்கும் உச்ச மின்னோட்டம் 40 மில்லிஆம்பியர். இது பாதுகாப்பான அளவு அன்று. தாண்டினால் சில்லுக்குக் கேடு என்னும் எல்லைக்கோடு. தொடர்ந்து பயன்படுத்த 20 மில்லிஆம்பியருக்குள் இருப்பதே முறை. இத்துடன், சில்லின் மின்வழங்கல் கால் வழியே செல்லும் மொத்த மின்னோட்டம் 200 மில்லிஆம்பியரைத் தாண்டக்கூடாது என்ற எல்லையும் உண்டு. ஒவ்வொரு முனையும் தன் எல்லைக்குள் இருந்தாலும் மொத்தம் எல்லை மீறலாம். 14 முனைகளிலும் 20 மில்லிஆம்பியர் எடுத்தால் மொத்தம் 280 மில்லிஆம்பியர் ஆகிவிடும்.

எல்இடி தானாகத் தன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டியதும் அதன் மின்னோட்டம் செங்குத்தாக ஏறும். ஆகவே ஒவ்வொரு எல்இடியுடனும் தொடரிணைப்பில் ஒரு மின்தடை வேண்டும். கடைகளில் இதை ரெசிஸ்டர் என்று கேட்டால் கிடைக்கும். அதன் அளவைக் காண ஓம் விதியே போதும்.

மின்தடை = (முனையின் மின்னழுத்தம் − எல்இடியின் மின்னழுத்தம்) ÷ தேவையான மின்னோட்டம்

சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் தேவை. 15 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால், (5 − 2) ÷ 0.015 = 200 ஓம். கடையில் எளிதில் கிடைக்கும் அடுத்த அளவு 220 ஓம். அதைப் போட்டால் 3 ÷ 220, அதாவது சுமார் 13.6 மில்லிஆம்பியர் பாயும். வெள்ளை, நீல எல்இடிகளுக்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் தேவைப்படுவதால் அதே 220 ஓம் மின்தடையில் சுமார் 8 மில்லிஆம்பியர் பாயும். பல எல்இடிகளைச் சேர்ந்தாற்போல எரிக்க வேண்டுமானால் 470 ஓம் பயன்படுத்தலாம். சிவப்பு எல்இடி ஒன்றுக்கு 6.4 மில்லிஆம்பியர் வீதம் 14 எல்இடிகளுக்கும் சேர்த்து 90 மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஒளி சற்றுக் குறையும், பலகை பிழைக்கும்.

இணைக்கும் இரு முறைகள்

எல்இடியின் நீளமான கால் நேர்முனை. குட்டையான கால் எதிர்முனை. கால்களை வெட்டிவிட்டால் விளிம்பு தட்டையாக உள்ள பக்கம் எதிர்முனை என்று அறியலாம்.

முதல் முறையில் பலகையின் முனையிலிருந்து மின்தடை, எல்இடி வழியாகத் தரையிணைப்புக்குப் பாதை அமைகிறது. ‘ஹை’ என்றால் எரியும். இரண்டாம் முறையில் 5 வோல்ட் இணைப்பிலிருந்து மின்தடை, எல்இடி வழியாக முனைக்குப் பாதை அமைகிறது. இங்கே ‘லோ’ என்றால் எரியும். ‘ஹை’ என்றால் அணையும். இரண்டும் சரியானவையே. சந்தையில் உள்ள சில பலகைகளில் உள்ளமைந்த எல்இடி இரண்டாம் முறையில் இணைக்கப்பட்டிருப்பதால், அவற்றில் நிரல் தலைகீழாக இயங்குவதுபோலத் தோன்றும்.

முதல் நிரல்

ஆர்டுயினோ நிரலில் இரு பகுதிகள் கட்டாயம் இருக்கும். ‘செட்அப்’ பகுதி தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் இயங்கும். ‘லூப்’ பகுதி முடிவின்றித் திரும்பத் திரும்ப இயங்கும். முனையின் திசையை முதல் பகுதியிலும் விளக்கின் செயலை இரண்டாம் பகுதியிலும் எழுத வேண்டும். 9ஆம் முனையில் உள்ள எல்இடி ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைய வேண்டுமானால் வரிசை இதுவாகும்.

செட்அப் பகுதியில்:
பின்மோட் (9, அவுட்புட்)

லூப் பகுதியில்:
டிஜிட்டல்ரைட் (9, ஹை)
டிலே (1000)
டிஜிட்டல்ரைட் (9, லோ)
டிலே (1000)

கணினியில் இவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி இட வேண்டும். பின்மோட், டிஜிட்டல்ரைட் ஆகியவற்றில் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. ஹை, லோ, அவுட்புட் ஆகியவற்றில் எல்லாமே பெரிய எழுத்து. ‘டிலே’ கட்டளையின் எண் மில்லிநொடியைக் குறிக்கும்.

‘டிலே’ இயங்கும் நேரம் முழுவதும் நிரல் வேறு வேலை செய்யாமல் காத்திருக்கும். அப்போது பொத்தானை அழுத்தினாலும் கவனிக்காது. விளக்கு மின்னும்போதே பொத்தானையும் கவனிக்க வேண்டுமெனில், பலகை தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தைச் சொல்லும் ‘மில்லிஸ்’ கட்டளையைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டு விளக்கை மாற்ற வேண்டும்.

ஒளியளவை மாற்றுதல்

இலக்கமுறை முனைக்கு 5 வோல்ட், 0 வோல்ட் என இரண்டு நிலைகளே உண்டு. பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் முனையை மிக வேகமாக எரியவைத்து அணைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எரியும் நேரத்தின் பங்கை மாற்றினால் சராசரி ஒளி மாறும். இதற்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர். கண்ணால் அந்த வேகத்தைப் பிரித்தறிய முடியாததால் விளக்கு சீராக எரிவதுபோலவே தெரியும்.

ஊனோவில் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய ஆறு முனைகளில் மட்டுமே இவ்வசதி உண்டு. பலகையில் அவற்றின் எண்ணுக்கு அருகே அலை போன்ற குறி அச்சிடப்பட்டிருக்கும். ‘அனலாக்ரைட்’ கட்டளையில் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுக்கலாம். 0 என்றால் அணைவு, 255 என்றால் முழு ஒளி, 64 என்றால் சுற்றில் கால்பங்கு நேரம் எரிவு. 5, 6 ஆகிய முனைகள் நொடிக்குச் சுமார் 980 முறையும், மற்ற நான்கும் சுமார் 490 முறையும் துடிக்கின்றன.

128 என்று கொடுத்தால் மின்னளவில் பாதிதான். ஆனால் கண்ணுக்கு அது பாதிக்கும் மேலாகத் தெரியும். மங்கலான ஒளியில் சிறு வேறுபாட்டையும் உணரும் கண், பிரகாசமான ஒளியில் அவ்வளவு உணர்வதில்லை. கண்ணுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 55 போதும். படிப்படியாக ஒளி கூடும் விளக்கில் எண்ணைச் சம அளவில் கூட்டிக்கொண்டே போனால் தொடக்கத்தில் தாவியும் முடிவில் மாற்றமே இல்லாமலும் தோன்றுவது இதனால்தான்.

எந்த முனையைத் தேர்ந்தெடுப்பது

0, 1 ஆகிய முனைகள் கணினியுடன் தரவு பரிமாறப் பயன்படுகின்றன. இவற்றில் விளக்கை இணைத்தால் நிரலை ஏற்றும்போது தானாக மின்னும். சில சுற்றுகளில் நிரல் ஏறாமலும் போகலாம். 10 முதல் 13 வரையுள்ள முனைகள் நினைவட்டை போன்ற கருவிகளுக்கும், ஏ4, ஏ5 ஆகியவை பல திரைகளுக்கும் உணரிகளுக்கும் தேவைப்படும். எனவே அவற்றைக் கடைசியாகத் தொடுவது நல்லது.

ஒளியளவை மாற்றும் முனைகளை மூன்று நேரக்காட்டிகள் இரண்டிரண்டாக இயக்குகின்றன. ‘டிலே’, ‘மில்லிஸ்’ ஆகியவையும் 5, 6 முனைகளும் ஒரே நேரக்காட்டியைப் பகிர்கின்றன. செர்வோ நிரலகத்தைச் சேர்த்தால் 9, 10 முனைகள் ஒளியளவை மாற்றும் திறனை இழக்கும். ஒலி எழுப்பும் ‘டோன்’ கட்டளை 3, 11 முனைகளைப் பாதிக்கும். சரியாக இயங்கிக்கொண்டிருந்த விளக்கு, ஒரு மோட்டாரைச் சேர்த்ததும் மங்கலாக மறுத்தால் இதுவே முதலில் ஐயப்பட வேண்டிய இடம்.

பெரிய விளக்குகள்

அலங்கார விளக்குகளாக விற்கப்படும் 12 வோல்ட் எல்இடி பட்டைகளில், மீட்டருக்கு 60 எல்இடிகள் கொண்ட 5050 வகைப் பட்டை மீட்டருக்கு ஏறத்தாழ 14.4 வாட் எடுக்கும். 5 மீட்டர் சுருள் 72 வாட். அதாவது 6 ஆம்பியர். இது ஒரு முனைக்கு ஏற்ற 20 மில்லிஆம்பியரைப் போல 300 மடங்கு. மின்னழுத்தமும் 12 வோல்ட் என்பதால் முனையுடன் நேரடியாக இணைக்கவே கூடாது. இங்கேதான் மடை வேண்டும். மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகை அந்த வேலையைச் செய்கிறது.

என் வகை மாஸ்ஃபெட்டுக்குக் கேட், டிரெயின், சோர்ஸ் என மூன்று கால்கள். இணைப்பு பின்வருமாறு.

1. பட்டையின் நேர்முனை 12 வோல்ட் மின்வழங்கியின் நேர்முனைக்கு.
2. பட்டையின் எதிர்முனை மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு.
3. சோர்ஸ் 12 வோல்ட் மின்வழங்கியின் எதிர்முனைக்கு.
4. பலகையின் 9ஆம் முனை, 220 ஓம் மின்தடை வழியாகக் கேட்டுக்கு.
5. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை.
6. பலகையின் தரையிணைப்பும் மின்வழங்கியின் எதிர்முனையும் ஒன்றாக இணைப்பு.

ஐந்தாவது மின்தடையை வேண்டாததென்று பலர் விட்டுவிடுவர். பலகை தொடங்கும் கணத்திலும் நிரலை ஏற்றும்போதும் முனைகள் உள்ளீடாக இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்போது கேட்டை யாரும் பிடித்திருப்பதில்லை, அது மிதக்கும். மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையில் நின்றால் பட்டை தானாக எரிவதோடு மாஸ்ஃபெட்டும் கடுமையாகச் சூடேறும். 10 கிலோஓம் மின்தடை அந்த நேரத்தில் கேட்டை அணைவு நிலையில் பிடித்து வைக்கிறது. ஆறாவது இணைப்பு இல்லாவிட்டால் மாஸ்ஃபெட்டுக்குக் கட்டளை சரியாகச் சென்று சேராது.

மாஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது 5 வோல்ட்டிலேயே நன்கு திறக்கும் வகையா என்று பார்க்க வேண்டும். ஐஆர்எல்இசட்44என் அத்தகையது. 5 வோல்ட் கேட் மின்னழுத்தத்தில் அதன் மின்தடை 0.025 ஓம் அளவே. 6 ஆம்பியரில் 0.9 வாட் மட்டுமே வெப்பமாகும். ஒரு சிறிய வெப்பத் தகடு பொருத்தினால் போதும். மலிவான தொகுதிகளில் வரும் ஐஆர்எஃப்520 முழுதாகத் திறக்க 10 வோல்ட் தேவை; 5 வோல்ட்டில் அது பாதி திறந்து சூடாகும். மின்வழங்கியும் கம்பியும் 6 ஆம்பியருக்கு மேல் தாங்குவனவாக இருக்க வேண்டும். மின்வழங்கியை அடுத்து ஒரு ஃபியூஸ் இருப்பது அவசியம். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் விளக்குகள் இந்தச் சுற்றுக்கு உரியவை அல்ல. அவற்றைத் தகுதி பெற்ற மின்பணியாளர் துணையின்றித் தொடக்கூடாது.

தனித்தனியே நிறம் மாறும் பட்டைகள்

டபிள்யூஎஸ்2812பி வகைப் பட்டையில் ஒவ்வோர் எல்இடிக்குள்ளும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. இவற்றுக்கு ஒரே ஒரு தரவு முனை போதும். ஒவ்வோர் எல்இடியும் தனக்குரிய 24 பிட்களை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பிவிடும்; பந்தியில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு பாத்திரத்தைப் பக்கத்தில் தள்ளுவதுபோல. முனை இங்கே செய்தி மட்டுமே அனுப்புகிறது. மின்சாரம் தனி 5 வோல்ட் மின்வழங்கியிலிருந்து வர வேண்டும். முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லிஆம்பியர் வரை எடுக்கும். 60 எல்இடிகளுக்கு 3.6 ஆம்பியர். யுஎஸ்பி வழியே 500 மில்லிஆம்பியர் அளவே ஊனோவுக்குக் கிடைக்கும். தரவுக் கம்பியில் 300 முதல் 500 ஓம் மின்தடை ஒன்றும், மின்வழங்கியின் இரு முனைகளுக்கு இடையே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வைப்பது வழக்கம். நிரல் ஒவ்வோர் எல்இடிக்கும் 3 பைட் நினைவகம் ஒதுக்கும். ஊனோவின் நினைவகம் 2048 பைட் மட்டுமே என்பதால் மிக நீண்ட பட்டைகளுக்கு அது போதாது.

பிற பலகைகள்

ஒரு பலகைக்கு எழுதிய சுற்றை மற்றொன்றில் அப்படியே பொருத்தக்கூடாது. 2023இல் வந்த ஊனோ ஆர்4 தோற்றத்திலும் முனை வரிசையிலும் ஆர்3 போன்றதே. மின்னழுத்தமும் 5 வோல்ட்டே. ஆனால் அதன் சில்லு வேறு. ஒரு முனை தரக்கூடியது 8 மில்லிஆம்பியர் மட்டும். பழைய பாடங்களில் உள்ள 220 ஓம் மின்தடையுடன் சிவப்பு எல்இடியை இதில் இணைத்தால் 13 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். 470 ஓம் பயன்படுத்தினால் எல்லைக்குள் நிற்கும்.

ராஸ்பெரி பை பிகோ, ஈஎஸ்பி32 ஆகியவை 3.3 வோல்ட்டில் இயங்குபவை. வெள்ளை, நீல எல்இடிகளுக்கு இந்த மின்னழுத்தம் மட்டுமட்டாக இருப்பதால் அவை மங்கலாக எரியும். ஐஆர்எல்இசட்44என் போன்ற மாஸ்ஃபெட்டுகளும் 3.3 வோல்ட்டில் முழுதாகத் திறவா. பிகோவில் எல்லா முனைகளிலும் ஒளியளவை மாற்றலாம். எனினும் சில முனைகள் ஒரே தடத்தைப் பகிர்கின்றன. ஈஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள முனைகள் உள்ளீட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் விளக்கு எரியவே எரியாது. அதன் 6 முதல் 11 வரையுள்ள முனைகள் நிரல் தங்கும் நினைவகத்துக்கு உரியவை; அவற்றைத் தொடக்கூடாது.

பிழைகளைக் கண்டறிதல்

எல்இடி எரியவே இல்லை: கால்கள் திருப்பி இணைக்கப்பட்டனவா, நிரலில் உள்ள எண்ணும் கம்பி செருகிய முனையும் ஒன்றா என்று பார்க்கவும்.

மிக மங்கலாக எரிகிறது: ‘பின்மோட்’ வரி விடுபட்டிருக்கலாம், அல்லது மின்தடை கிலோஓம் அளவில் இருக்கலாம்.

எரிய வேண்டியபோது அணைகிறது: எல்இடி 5 வோல்ட் பக்கத்திலிருந்து இணைக்கப்பட்டுள்ளது.

ஒளியளவு மாறாமல் எரிவதும் அணைவதுமாக மட்டும் உள்ளது: துடிப்பு அகலப் பண்பேற்ற வசதி இல்லாத முனை.

பல விளக்குகள் சேர்ந்து எரியும்போது பலகை தானாக மீண்டும் தொடங்குகிறது: மொத்த மின்னோட்டம் மிகுந்து மின்னழுத்தம் சரிகிறது. மின்தடையைக் கூட்டவும் அல்லது விளக்குகளுக்குத் தனி மின்வழங்கி அமைக்கவும்.

பலகையின் சில்லு தொட்டால் சுடுகிறது: உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முனையின் மின்னோட்டத்தையும் மொத்தத்தையும் தாளில் கணக்கிட்டுப் பார்க்கவும். கம்பியைச் செருகும் முன்பே இக்கணக்கைப் போட்டுவிட்டால் பெரும்பாலான பலகைகளைக் காப்பாற்றிவிடலாம்.